மலையில் வீலுக்குப் பெயிண்ட், புது டயர்: நாள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் பைக் வீலுக்குப் பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள் எந்த பிராண்ட், எந்த நிறம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது எந்த நாள் என்பதை. கோயம்புத்தூரில் ஒரே பிற்பகலில் காய்ந்துவிடும் பெயிண்ட், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் ஜூலை மாதம் மூன்றாம் நாளும் விரலில் ஒட்டும். சில சமயம் காய்ந்த மாதிரியே இருக்கும். டயர் ஏற்றும்போது நெம்பும் லீவர் பட்ட இடத்தில் தோலாக உரிந்து வரும். இரண்டுக்கும் காரணம் காற்றில் இருக்கும் ஈரமும் உலோகத்தின் குளிர்ச்சியும்.

டயர் தேய்ந்து மாற்றப்போகும் சமயம்தான் வீலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சரியான சமயம். டயரை மாட்டியபடியே பேப்பர் ஒட்டி மறைத்து அடித்தால் ரிம்மின் உதட்டோரம் பெயிண்ட் பிடிக்காது. முதல் மழையிலேயே அந்த ஓரத்திலிருந்து உப்பத் தொடங்கும். ஆகவே இரண்டையும் ஒரே வேலையாகத் திட்டமிடுங்கள். ஆனால் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். பெயிண்ட் அடித்த நாளுக்கும் டயர் ஏற்றும் நாளுக்கும் நடுவே குறைந்தது ஒரு வாரம், குளிர்காலத்தில் இரண்டு வாரம் விடுங்கள். இந்த வேலையில் கெட்டுப்போகிற வீல்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளி விடாததால்தான் கெடுகின்றன.

எப்போது அடிப்பது

நீலகிரிக்கு ஒரே மழைக்காலம் கிடையாது. கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி ஊற்றும். குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்கு மழைதான் கனமானது. எல்லாருக்கும் பொதுவாக வறண்டு கிடப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அதிலும் ஜனவரி காலைகளில் உதகைப் பள்ளங்களில் உறைபனி விழும் என்பதால், வேலைக்கு ஆகும் நேரம் காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் இரண்டு வரை. மூன்று மணிக்குப் பனிமூட்டம் ஏறிவிட்டால் ஸ்பிரே கேனைக் கீழே வைத்துவிடுங்கள்.

வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வைத்து ஒரு எளிய கணக்குப் போடலாம். காற்றின் ஈரப்பதம் நூறு சதவீதத்திலிருந்து ஐந்து சதவீதம் குறையக் குறைய, பனி படியும் வெப்பநிலை காற்றின் வெப்பநிலையைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி கீழே இறங்கும். ஈரப்பதம் 90 என்றால் வித்தியாசம் இரண்டே டிகிரி. பெயிண்ட் பூசும் உலோகம், பனி படியும் வெப்பநிலையைவிட மூன்று டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையின் பொது விதி. ஆகவே 85க்கு மேல் காட்டினால் அன்றைக்கு வேலையில்லை. 70க்குக் கீழே இருந்தால் நிம்மதியாக அடிக்கலாம். இரவெல்லாம் குளிர்ந்த தகரக் கொட்டகையில் கிடந்த வீல் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அதை வெளியே எடுத்ததும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் அதன்மேல் உட்கார்ந்துவிடும்.

தின்னர் விஷயத்தில் மலையில் ஒரு சிக்கல் உண்டு. குளிருக்கு வேகமாக ஆவியாகும் தின்னர் வேண்டும் என்பார்கள். ஈரக்காற்றுக்கு மெதுவாக ஆவியாகும் தின்னர் வேண்டும் என்பார்கள். இங்கே குளிரும் ஈரமும் சேர்ந்தே இருக்கின்றன. வேகத் தின்னர் ஆவியாகும்போது பூச்சின் வெப்பத்தையும் இழுத்துக்கொண்டு போகும். மேற்பரப்பு இன்னும் குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும். கறுப்புப் பெயிண்ட் சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கும். மெதுவான தின்னர் போட்டால் பெயிண்ட் வழியும். தின்னரை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட வீலைச் சூடாக்குவதே சரியான வழி. ஒன்றிரண்டு மணி நேரம் நேர் வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள், அல்லது ஹேர் டிரையரால் சூடேற்றுங்கள். கையால் தொட்டால் வெதுவெதுப்பு தெரிந்தால் போதும். ஸ்பிரே கேனையும் கை பொறுக்கும் வெந்நீரில் பத்து நிமிடம் வையுங்கள். குளிர்ந்த கேனில் அழுத்தம் குறைந்து, பெயிண்ட் பொடித்துளியாக வராமல் சொட்டுச் சொட்டாகத் துப்பும். கேனை அடுப்பில் மட்டும் காட்டவே கூடாது.

வீலைக் கழற்றுவது

மலை வீடுகளில் சமதளமான முற்றம் கிடைப்பதே அரிது. சரிவில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் வீலைக் கழற்றினால் வண்டி உருண்டுவிடும். பின் வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, எஞ்சினுக்கடியில் மரக்கட்டை வைத்துத் தூக்குங்கள். ஆக்ஸில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்பேசர் புஷ் எது எந்தப் பக்கம் என்று போனில் படம் எடுத்து வையுங்கள். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் வீல் வெளியே வந்ததும் இரண்டு பேடுக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். யாராவது தெரியாமல் பிரேக் லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். டிரம் பிரேக் என்றால் உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள். அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டிஸ்க்கைக் கழற்றியே ஆக வேண்டும். அதன் போல்ட்டுகள் தானாகக் கழலாமல் இருக்க மரையில் பூட்டுப் பசை போட்டிருப்பார்கள். வெறும் கையால் திருகினால் ஆலன் கீயின் பள்ளம் வழுக்கிவிடும். போல்ட் தலையைச் சூட்டுத் துப்பாக்கியால் சூடேற்றி, கீயைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி உட்கார வைத்துத் திருகுங்கள். பின் வீலில் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) கேரியரையும் அதற்கும் வீலுக்கும் நடுவே இருக்கும் கப்ளிங் ரப்பரையும் எடுத்துவிடுங்கள். ரப்பர் நசுங்கித் தளர்ந்திருந்தால் மாற்ற இதைவிட நல்ல சமயம் வராது.

பழைய டயரை எடுக்க வால்வ் பின்னைக் கழற்றி முழுக் காற்றையும் விடுங்கள். பீடிங் (ரிம்மில் உட்காரும், கம்பி பொதிந்த டயரின் உள்விளிம்பு) ரிம்மை விட்டு விலகாது, ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய சி-கிளாம்ப் இருந்தால் டயரின் பக்கச்சுவரை ரிம்மோரமாக அழுத்தி இறக்கலாம். இல்லையென்றால் வீலைத் தரையில் படுக்க வைத்து, டயரின் ஓரத்தில் பலகை வைத்து, இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை அந்தப் பலகைமேல் ஊன்றி வண்டியைச் சாய்த்தால் பீடிங் டப்பென்று இறங்கும்.

முதலில் பரிசோதனை

பெயிண்ட் எடுப்பதற்கு முன் ரிம் பெயிண்டுக்குத் தகுதியானதா என்று பாருங்கள். அலாய் வீலில் ஸ்போக் கை ரிம்மோடு சேரும் மூலைகளில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, உதடு நெளிந்து அந்த இடம் வெடித்திருந்தாலோ, அந்த வீல் கழிந்தது. அதற்குப் பெயிண்ட் அடிப்பது விரிசலை மறைப்பதாகிவிடும். கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு பிரேக் பிடித்துக்கொண்டே இறங்குகிற ஊரில் இதில் சமரசமே கூடாது.

கம்பி ஸ்போக் வீலில் கோட்டம் எடுக்கும் வேலையைப் பெயிண்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சின்ன நட்டை) திருகினால் அதைச் சுற்றிப் பெயிண்ட் உடையும். மலை ஈரத்தில் நிப்பிள்கள் இறுகிப்போவது சகஜம். முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஆனால் அந்த எண்ணெயைப் பிறகு முழுக்கக் கழுவ வேண்டும். குரோம் ரிம்முக்குப் பெயிண்ட் அடிக்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. குரோமின் வழவழப்பில் பிரைமர் பிடிக்காது. குரோம் செதிலாக உரிந்திருந்தால் அந்த ஓரங்கள் கத்திபோல் டியூபைக் கிழிக்கும். அவற்றை உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

கழுவி, அப்புறம் தேய்

இந்த வரிசை மாறவே கூடாது. செயின் லூப், கிரீஸ், டயர் பாலிஷ் எல்லாம் இருக்கும்போதே உப்புத்தாள் போட்டால் எண்ணெய் கீறல்களுக்குள் புதைந்துவிடும். முதலில் மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட பிரஷ்ஷால் கிரீஸை எடுங்கள். பிறகு பாத்திர சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். டயர் பாலிஷில் இருக்கும் சிலிக்கான்தான் மிகப் பெரிய தொல்லை. துளி மிச்சமிருந்தாலும் பெயிண்ட் அங்கே மட்டும் வட்டமாக விலகி மீன்கண் போல் குழி விழும். கழுவிக் காய்ந்த பிறகு, நூல் உதிராத துணியில் தின்னர் தொட்டு ஒரு முறை துடைத்து, ஈரம் காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் எடுத்துவிடுங்கள்.

பழைய பெயிண்ட் உறுதியாக இருந்தால் அதை முழுக்க உரிக்கத் தேவையில்லை. 320 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். உப்பின இடத்தையும் வெள்ளைப் பொடி (அலுமினியத்தின் துரு) பூத்த இடத்தையும் மட்டும் 120இல் தொடங்கி உலோகம் தெரியும்வரை எடுத்து, 180, 320 என்று வந்து, ஓரங்களைச் சரிவாக்குங்கள். விரல் நகத்தால் தடவினால் படி தட்டக் கூடாது. டியூப்லெஸ் ரிம்மில் பீடிங் உட்காரும் பகுதியில் அரிப்பு இருந்தால் அதை வழவழவென்று ஆக்க மற்ற இடத்தைவிட அதிக நேரம் செலவிடுங்கள். "பஞ்சரே இல்லை, வாரத்துக்கு ஒரு தடவை காத்து இறங்குது" என்பவர்களின் வீலில் பார்த்தால் பெரும்பாலும் இந்த அரிப்புதான் இருக்கும்.

பெயிண்ட் படக்கூடாத இடங்கள் சில உண்டு. டிஸ்க் உட்காரும் முகம், ஸ்பேசர் தொடும் முகம், பேரிங் வீடு, டிரம்மின் உட்புறம், போல்ட் ஓட்டைகளின் மரை. டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே பெயிண்ட் இருந்தால் நாளடைவில் அது நசுங்கும், அந்த அளவுக்கு போல்ட்டின் இறுக்கம் குறையும், டிஸ்க் ஆடும். பேரிங்கை அட்டை வட்டத்தால் மூடி டேப் ஒட்டுங்கள். மரை ஓட்டைகளில் பழைய போல்ட்டுகளைத் திருகி வையுங்கள்.

பூச்சு

அலுமினியத்தைத் தேய்த்த உடனே அதன்மேல் ஆக்சைடு படலம் உருவாகத் தொடங்கும். அதனால் தேய்ப்பதும் பிரைமர் அடிப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டும். வெறும் உலோகம் தெரியும் இடங்களுக்கு எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பிடித்துக்கொள்ள அமிலம் சேர்த்த பிரைமர்) மெல்லிசாக ஒரு கோட். அதன்மேல் சாதாரண பிரைமர் இரண்டு கோட். எபாக்சி பிரைமர் போடுபவர்கள் எட்ச் பிரைமரை விட்டுவிட்டு நேராக எபாக்சியைப் போடலாம். அமிலப் பூச்சின்மேல் எபாக்சி சில சமயம் சரியாகப் பிடிக்காது.

இரண்டு வீலுக்கு 400 மில்லி கேன் கணக்கில் பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு, கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) ஒன்று. வீலின் நடு ஆக்ஸில் துளையில் ஒரு கம்பியைச் செருகி இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே தொங்கவிட்டால் சுழற்றிக்கொண்டே அடிக்கலாம். முதலில் எட்டாத மூலைகளும் ஸ்போக் கைகளின் பக்கவாட்டும், கடைசியில்தான் முகப்பு. முகப்பை முதலில் அடித்தால் மூலைக்கு அடிக்கும்போது பறக்கும் தூள் அதன்மேல் சொரசொரப்பாகப் படியும். தூரம் 15 முதல் 20 சென்டிமீட்டர். முதல் கோட் தூவினாற்போல். அடுத்த இரண்டும் ஈரப் பளபளப்பு வரும் அளவுக்கு. கோட்டுக்குக் கோட் சமவெளியில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுவார்கள். இங்கே அரைமணி நேரம் விடுங்கள்.

கேனின்மேல் மறுபூச்சுக்கான நேரம் அச்சிட்டிருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 24 மணி நேரத்துக்குப் பின் என்பதுபோல் இருக்கும். நடுவில் அடித்தால் அரைகுறையாகக் காய்ந்த அடிப்பூச்சைப் புதுத் தின்னர் ஊற வைத்துச் சுருக்கிவிடும். மலைக் குளிரில் அந்த 24ஐ 48 என்று படித்துக்கொள்ளுங்கள். தடிமனாக அடித்தால் உழைக்கும் என்று நினைப்பதும் தவறு. தடித்த பூச்சுதான் கல் பட்டால் சில்லாகப் பெயரும்.

சாதாரண அக்ரிலிக் கேனும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரும் பெட்ரோல் பட்டால் கரையும். பிரேக் ஆயில் பட்டால் எதுவும் கரையும், இவை இன்னும் சீக்கிரம். உழைப்பதற்கு ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலக்கும் டூ-கே பி.யூ., அதாவது இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன் பெயிண்டே சிறந்தது. டப்பாவில் எழுதிய விகிதத்தை அளவுக் கோப்பையில் அளந்து கலக்குங்கள், கண் மதிப்பு வேண்டாம். வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே போனால் ஹார்டனரின் வேதிவினை ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் அடித்த அன்றிரவு வீல் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கேடான ரசாயனம் இருக்கிறது. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. கார்பன் கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேண்டும், திறந்த வெளி வேண்டும். குளிருக்குப் பயந்து சன்னலைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் கரி அடுப்போ கணப்போ வைத்துக்கொண்டு பெயிண்ட் அடிப்பது உயிருக்கே ஆபத்து. தின்னர் ஆவி தரையோடு ஊர்ந்து போய்த் தீயைத் தேடிப் பிடிக்கும். வாடை முழுக்கப் போகும்வரை வீலை வெளியே நிழலில் வைத்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே எடுங்கள்.

பவுடர் கோட்டிங் செய்யலாமே என்று கேட்பார்கள். கீழே கோயம்புத்தூரில் செய்துதருகிறார்கள்; உழைக்கும். ஆனால் 180 டிகிரிக்குப் பக்கத்தில் சுடுவார்கள். பேரிங், சீல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அலாய் வீல் என்றால் 200ஐத் தாண்டாமல் சுட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அதிகச் சூட்டில் அலாயின் பலம் குறையும்.

டயரைப் படிப்பது

வீல் காயும் நாட்களில் டயர் வாங்கலாம். 100/90-17 55பி என்றிருந்தால் அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். 55 என்பது 218 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, பி என்பது 150 கிலோமீட்டர் வேகம்வரை. பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். சாதாரணக் கம்பி ஸ்போக் ரிம்மில் நிப்பிள் ஓட்டை வழியே காற்று போகும் என்பதால் டியூப்லெஸ் டயர் வாங்கினாலும் உள்ளே டியூப் போட்டே ஆக வேண்டும். கம்பெனி அளவைவிட அகலமான டயரை ஏற்றினால் மெல்லிய ரிம்மில் அதன் தோள் உருண்டு, வளைவில் சாயும்போது வண்டி தயங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் இது நன்றாகவே தெரியும்.

ஏற்றுவது

குளிர்ந்த டயர் விறைத்திருக்கும். ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள்; பாதி வேலை குறையும். 25 முதல் 30 சென்டிமீட்டர் லீவர் மூன்று, ரிம் உதட்டில் வைக்கப் பழைய ஆயில் கேனை வெட்டிய பிளாஸ்டிக் துண்டுகள், சோப்புக் கரைசல். இவை போதும். கிரீஸும் எஞ்சின் ஆயிலும் வேண்டாம்; ரப்பரைக் கெடுக்கும், டயர் ரிம்மிலேயே வழுக்கிச் சுற்றும்.

ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. மொத்த வித்தையும் அந்தப் பள்ளத்தில்தான். பீடிங்குக்குள் இருக்கும் கம்பி நீளாது. ஒரு பக்கம் பீடிங் பள்ளத்தில் இறங்கினால்தான் எதிர்ப்பக்கம் உதட்டைத் தாண்டத் தளர்வு கிடைக்கும். லீவருக்கு முழு பலமும் தேவைப்பட்டால் எதிர்ப்பக்கம் பீடிங் பள்ளத்தை விட்டு ஏறிவிட்டது என்று அர்த்தம். பலத்தைக் கூட்டாதீர்கள், எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்தி மீண்டும் பள்ளத்துக்குள் இறக்குங்கள். புதுப் பெயிண்ட் பெயர்வதும் டியூப் கடிபடுவதும் இந்த இடத்தில் பலத்தைக் கூட்டுவதால்தான்.

பக்கச்சுவரின் அம்புக்குறி வீல் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். வண்ணப் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம்; அதை வால்வுக்கு நேரே வையுங்கள். முதல் பீடிங் பெரும்பாலும் கையாலேயே இறங்கும். டியூப் வகையில், டியூபுக்கு உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, டால்கம் பவுடர் தடவி உள்ளே விடுங்கள். ரிம் டேப் நிப்பிள்களை முழுக்க மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது பீடிங்கை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். லீவரை ஒவ்வொரு முறையும் நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம். முனையை ஆழமாகவும் விட வேண்டாம். முடிந்ததும் வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளி இழுங்கள். பீடிங்குக்கு அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு சேர்த்து வையுங்கள். டியூப் உள்ளே நகர்ந்தால் வால்வ் சாய்ந்து நின்று காட்டிக்கொடுக்கும். நட்டை இறுக்கியிருந்தால் வால்வ் அடியோடு கிழியும்.

டியூப்லெஸ் டயருக்குப் புது வால்வ் போடுங்கள். காற்று வேகமாகப் போனால்தான் பீடிங் உட்காரும், கைப்பம்பில் நடக்காது. வால்வ் பின்னைக் கழற்றிவிட்டு கம்ப்ரசரை வையுங்கள். பிடிக்கவில்லை என்றால் டயரின் நடுவில் பெல்ட்டைச் சுற்றி இறுக்கினால் இரண்டு பக்கமும் விரிந்து ரிம்மைத் தொடும். இரண்டு முறை டப்பென்று கேட்க வேண்டும். டயரில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். உட்காரவில்லை என்றால் காற்றை விட்டு, சோப்பு தடவி மறுபடி முயலுங்கள். ரிம்மோரம் டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே அளவு தெரிந்தால் டயர் நேராக உட்கார்ந்திருக்கிறது.

மாட்டும்போது ஆக்ஸிலைத் துடைத்து கிரீஸ் பூசுங்கள், டிஸ்க் போல்ட்டுகளுக்குப் புதுப் பூட்டுப் பசை, நட்டு கழலாமல் பிடிக்கப் புதுக் காட்டர் பின். செயின் தளர்ச்சியும் நட்டின் இறுக்கமும் வண்டிப் புத்தகத்தில் உள்ளபடி. வண்டியை நகர்த்தும் முன் பிரேக் லீவர் கெட்டிப்படும்வரை பல முறை பிடியுங்கள். இதை மறந்து சரிவில் வண்டியை இறக்கினால் முதல் பிடிக்குப் பிரேக்கே இருக்காது.

காற்றழுத்தம்

மலையேறினால் காற்றழுத்தம் கூடும், அதனால் குறைக்க வேண்டும் என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறைகிறது, அதனால் கேஜ் 3 கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கீழே 32 டிகிரி, மேலே விடியற்காலையில் 10 டிகிரி என்றால் குளிர் ஏறக்குறைய அந்த 3ஐத் தின்றுவிடும். கீழே 28 அடித்தது மறுநாள் காலை மேலே 28ஐ ஒட்டியே காட்டும். ஏறி வந்த சூட்டோடு அளந்தால் 32, 33 காட்டும். அதைப் பார்த்து 28க்கு இறக்கிவிட்டால் மறுநாள் காலை 24க்குக் கீழே போய்விடும். வண்டி இரவெல்லாம் நின்று குளிர்ந்த பிறகு மட்டும் அளந்து, புத்தக அளவுக்கு வையுங்கள்.

புது டயரின் மேல்தோல் வழவழப்பானது. முதல் 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தைலமர இலை நனைந்து கிடக்கும் வளைவுகளில் சாய்க்கவே வேண்டாம். அந்த 150 முடிந்ததும் ஆக்ஸில் நட், டிஸ்க் போல்ட்டுகளை ஒரு முறை பாருங்கள்; கம்பி வீலில் ஸ்பானரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டி, மந்தமாக ஒலிப்பதை இறுக்குங்கள்.

மிஞ்சிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பைக்காரா மோயாறாகி பவானியில் சேர்கிறது. கீழே அதைக் குடிக்கிறார்கள். மூடிய டப்பாவில் வைத்தால் அடியில் கசடு தங்கி, மேலே தெளிந்தது பிரஷ் கழுவ ஆகும். ஹார்டனர் கலக்காத நிறத்தில் ஐம்பது மில்லியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். கல் பட்டுச் சில்லு பெயர்ந்த இடத்தை வெயில் நாளில் அன்றன்றே தொட்டுவிட்டால் வெள்ளைப் பொடி உள்ளே நுழையாது.